பலர் கைபட்ட வால்வு ரேடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் தமிழர் வீடுகள் சிலவற்றில் இன்னும் ஒரு வால்வு ரேடியோ இருக்கிறது. சாமி படத்துக்குக் கீழே, பின்னல் துணி போர்த்தி, மேலே ஒரு பூச்சாடி வைத்து. தாத்தா வாங்கினது, விற்க மனமில்லை, பாடவும் இல்லை. பின்பக்க அட்டையைக் கழற்றினால் ஐந்தாறு மெக்கானிக்குகளின் கைவேலை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நான் வீட்டில் வைத்தே இந்த வேலை பார்க்கிறவன். வருகிறவர்கள் கேட்பதும் நான் சொல்வதும் கீழே.

செட்டு பல வருடமாக ஓடவில்லை. சும்மா ஒரு தடவை ப்ளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். என்னிடம் வரும் கருகின டிரான்ஸ்பார்மர்களில் பாதி அந்தச் "சும்மா ஒரு தடவை"யில் போனவைதான். ஓடாமல் கிடந்த செட்டில் எலக்ட்ரோலிடிக் கண்டன்சருக்குள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம் அது) இருக்கும் ஆக்சைடு படலம் கெட்டுப்போயிருக்கும். மெழுகுக் காகிதக் கண்டன்சர்களோ நம் ஊர் மழைக்கால ஈரத்தை வருடக்கணக்காகக் குடித்திருக்கும். மின்சாரம் முழுசாக ஏறியதும் இவை கரண்டை ஒழுகவிடும். டிரான்ஸ்பார்மர் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும், அப்புறம் புகையும்.

முதலில் திறந்து பாருங்கள். எலி கடித்த ஒயர், உருகி வழிந்த தார், தொங்கும் கம்பி, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். கடைசியாகச் சொன்னதை நான் மூன்று செட்டுகளில் பார்த்துவிட்டேன். இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு செட்டுக்குப் போகும் ஒரு கம்பியில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராகச் சேர்த்துக் கொடுங்கள். பழைய எலக்ட்ரீஷியன்கள் சீரீஸ் பல்பு என்பார்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பல்புதான் வேண்டும். போட்டதும் பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் பரவாயில்லை. மங்காமல் பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிபயர் வால்வைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் ஹீட்டர்களை, அதாவது வால்வைச் சூடாக்கும் இழைகளை, மட்டும் எரியவிட்டுப் பார், உயர் வோல்டேஜ் வராது என்று ஒரு நல்ல வழக்கம் உண்டு. பலர் கைபட்ட செட்டில் அதை நம்பாதீர்கள். ஏன் என்று கீழே டயோடு பற்றிச் சொல்லும்போது தெரியும்.

இங்கே கிடைக்கும் செட்டுகளில் மட்டும் ஏன் இவ்வளவு ஒட்டுவேலை?

1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடங்களில் கடைகளும் கம்பெனிகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. நம் ஆட்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். கொண்டுபோக முடியாத ரேடியோ பக்கத்து வீட்டுக்கோ, போகாமல் தங்கிவிட்ட பங்காளிக்கோ கை மாறியது. வால்வு, கண்டன்சர் என்று வெளியிலிருந்து வருவது வற்றிப்போயிற்று.

ஆனால் ரேடியோ பாடியாக வேண்டும். போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்காக இலங்கையில் நிறுவிய சக்திவாய்ந்த ஒலிபரப்பி பிறகு ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. 1950இல் அதன் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. சிற்றலையில் கொழும்பு தமிழில் பாடும்போது இங்கே ஒரு வீட்டில் செட்டு கெட்டுக் கிடந்தால் அது சின்ன விஷயமா? மெக்கானிக் கையில் கிடைத்ததை வைத்து ஓட்டினான். கிடைத்தவை மூன்று: செத்த செட்டுகளிலிருந்து பிடுங்கினது, தாய்லாந்து எல்லையில் மியாவடி வழியாகக் கள்ளச் சரக்காக வந்தது, அப்புறம் ஜப்பானின் போர் இழப்பீட்டுத் திட்டத்தில் மட்சுஷிட்டா கம்பெனி துணையோடு இந்த நாட்டிலேயே கூட்டின நேஷனல் சாமான்கள். ஹாலந்து செட்டுக்குள் ஜப்பான் ரெசிஸ்டர், இந்திய டயோடு, தாய்லாந்து ஸ்பீக்கர். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் சொல்வது இதைத்தான்.

அதனால் ஒட்டுவேலையைப் பார்த்ததும் "எவனோ கெடுத்துவிட்டான்" என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். கெடுத்தவனும் உண்டு, காப்பாற்றினவனும் உண்டு. இரண்டு பேரையும் பிரித்துப் பார்ப்பதுதான் இதில் பெரிய வேலை. ஈயம் வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எது கம்பெனி வேலை, எது பிற்பாடு செய்தது என்று எப்படித் தெரியும்?

ஈயப் பற்றைப் பாருங்கள். கம்பெனியில் கம்பியை லக்கில், அதாவது பற்றவைக்கும் உலோகக் காதில், சுற்றி இறுக்கி, அதன்மேல் சின்னதாக, பளபளப்பாகப் பற்று வைத்திருப்பார்கள். பிற்பாடு வந்தவர் பெரும்பாலும் கம்பியைச் சுற்றமாட்டார், மேலே வைத்து ஒட்டியிருப்பார். பற்று உருண்டையாக, மங்கலாக, சுற்றிலும் பிசின் கறையோடு இருக்கும். ஒயரின் உறையையும் பாருங்கள். ரப்பர் அல்லது துணி உறை பழையது, வழவழப்பான பிளாஸ்டிக் உறை பிந்தியது. வெட்டிவிட்ட கண்டன்சரின் கால் துண்டு லக்கிலேயே நின்றால், அங்கே முன்பு வேறு ஏதோ இருந்தது.

இப்போது என் மேசையில் ஒரு பிலிப்ஸ் செட்டு இருக்கிறது. ஐந்து ரிம்லாக் வால்வு. அடிப்பக்கத்தில் உலோக வளையமும் அதில் சின்னப் புடைப்பும் உள்ள கண்ணாடி வால்வுகள்தான் ரிம்லாக், 1940களின் கடைசியில் வந்தவை. பாகங்கள் மாட்டின உலோகத் தட்டான சேசிஸைக் கவிழ்த்ததும் கண்ணில் பட்டது இது: ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் சாக்கெட் மட்டும் நிறம் வேறு. பக்கத்தில் அரம் போட்டு ஓட்டையை ஒரு மயிரிழை அகலப்படுத்தியிருக்கிறார். ரிவெட்டுக்குப் பதில் இரண்டு பித்தளை ஸ்க்ரூ, அடியில் வாஷர். இ.எல்.41 இருந்த இடத்தில் ஒன்பது கால் இ.எல்.84. பவர் டிரான்ஸ்பார்மரின் மேல் காகிதத்தில் பர்மிய எண்களில் பென்சிலால் சுற்றுக் கணக்கு. அப்படியென்றால் அதையும் யாரோ புதிதாகச் சுற்றியிருக்கிறார். மீடியம் வேவ், சிற்றலை என்று மாற்றும் பேண்ட் சுவிட்சின் கால்களில் மூன்றை ஒரே கம்பியால் கட்டிப் பற்றவைத்திருக்கிறது. அந்தக் குமிழை எப்படித் திருகினாலும் செட்டு சிற்றலையிலேயே நிற்கும்.

இதையெல்லாம் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுங்கள், ஒரு தாளில் வரையுங்கள். சர்க்யூட் படம் கிடைத்தால் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகாத இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். பிலிப்ஸ் மாடல் எண்ணின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள்: ஏ என்றால் ஏசி, யு என்றால் ஏசி டிசி இரண்டும், பி என்றால் பேட்டரி. யு என்று கண்டால் கையை எடுத்துவிட்டு, கரண்ட் அடிப்பது பற்றின கேள்வியை முதலில் படியுங்கள்.

சரி, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு கம்பெனியில் இருந்தபடி செய்துவிட வேண்டியதுதானே?

செய்யலாம், உங்கள் செட்டு. நான் செய்வதில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு கேள்வி கேட்பேன். இது ஆபத்தா? இது வேறு ஏதாவது பாகத்தை மெதுவாகக் கொல்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அதைத் தொடமாட்டேன்.

இ.எல்.84 மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். இ.எல்.41 ஹீட்டர் 0.71 ஆம்பியர் இழுக்கும், இ.எல்.84 இழுப்பது 0.76. டிரான்ஸ்பார்மருக்கு அது ஒரு சுமையே இல்லை. 250 வோல்டில் இ.எல்.41இன் ஆனோடு (வால்வின் பாசிட்டிவ் முனை) 36 மில்லியாம்பியர் எடுக்கும், அதற்குக் கேத்தோடில் (நெகட்டிவ் முனை) 170 ஓம் ரெசிஸ்டர். அதே 170 ஓமில் இ.எல்.84 கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், தன் முழு அளவான 48க்குப் போகாது. இதைச் செய்தவர் 170ஐ எடுத்துவிட்டு 180 ஓம் போட்டிருந்தார். தெரிந்து செய்த கை. சாக்கெட்டும் ஆடாமல் நிற்கிறது. இதை மாற்றி, கிடைக்காத இ.எல்.41ஐத் தேடி அலைந்து, அரம் போட்ட ஓட்டையை மறைக்க வேண்டுமா? எனக்குத் தோன்றவில்லை.

பேண்ட் சுவிட்ச் வேறு கதை. சுவிட்ச் தேய்ந்து உடைந்ததால் செய்தது அது. வீட்டில் கேட்டது கொழும்பு மட்டும்தான், அதனால் நிரந்தரமாக அங்கேயே கட்டிவிட்டார். ஆபத்தில்லை, எதையும் கொல்லவுமில்லை. ஆனால் மீடியம் வேவ் போயிற்றே. செட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். "அண்ணே, எங்க அப்பா சொல்லித்தான் அப்படிச் செஞ்சாங்க, அத மாத்தாதீங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். என் கணக்கில் அடங்காத மாற்றங்களும் உண்டு.

ரெக்டிபயர் வால்வு எரிகிறது. ஆனால் அது வேலை செய்யவில்லை என்கிறீர்களே?

இதுதான் நான் அதிகம் காணும் மாற்றம். இ.இசட்.40, இ.இசட்.80, 5ஒய்3 போன்ற ரெக்டிபயர் செத்துப்போனால் சாக்கெட்டின் அடியில் பி.ஒய்.127 டயோடு இரண்டைப் பற்றவைத்துவிடுவார்கள். இப்போதைய கை என்றால் 1என்4007. வால்வை மட்டும் அழகுக்காக மேலேயே விட்டுவைப்பார்கள். ஹீட்டர் எரியும், பார்க்க நன்றாக இருக்கும், வேலை எல்லாம் கீழே டயோடு பார்க்கும். ரிட்டயர் ஆன பிறகும் தினம் ஆபீஸ் வந்து பழைய நாற்காலியில் உட்காரும் கணக்குப்பிள்ளை மாதிரி. இந்த வால்வைக் கழற்றி வைத்துவிட்டு "உயர் வோல்டேஜ் வராது" என்று உள்ளே கை விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது செட்டைக் கொல்வது இப்படி. டிரான்ஸ்பார்மர் 275-0-275 வோல்ட், அதாவது நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 275, என்று வைத்துக்கொள்ளுங்கள். இ.இசட்.80 போன்ற வால்வு ரெக்டிபயர் சூடாக நேரம் எடுக்கும், அதற்குள் மற்ற வால்வுகளும் சூடாகிக் கரண்ட் இழுக்கத் தொடங்கும், வோல்டேஜ் மெல்ல ஏறும். டயோடு போட்டால் சுவிட்ச் போட்ட நொடியே 275ஐ 1.414ஆல் பெருக்கின அளவு, அதாவது 389 வோல்ட், கண்டன்சர் தலையில் விழும். அந்த நேரம் இழுக்க ஆளில்லை. கண்டன்சரில் எழுதியிருப்பதோ 350. வால்வுகள் சூடான பின்னும் பழைய அளவைவிடக் கூடுதலாகவே நிற்கும்.

வால்வு கிடைத்தால் திருப்பிப் போடுங்கள், டயோடை வெட்டிவிடுங்கள். கிடைக்காவிட்டால் டயோடு இருக்கட்டும். ஆனால் இரண்டு காரியம் செய்யுங்கள். எலக்ட்ரோலிடிக் எல்லாம் 450 வோல்ட். டயோடுக்கும் முதல் கண்டன்சருக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். செட்டு 70 மில்லியாம்பியர் இழுத்தால் 330 ஓம் குறைந்தது 23 வோல்டையாவது குறைக்கும், 10 வாட்டில் வாங்குங்கள். அப்புறம் மீட்டரை வைத்துப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ரெசிஸ்டர் போட்டுவிட்டோமே என்று 350 வோல்ட் கண்டன்சரையே விட்டுவிடாதீர்கள். கண்டன்சர் நிறைந்ததும், வால்வுகள் சூடாகும்வரை கரண்ட் ஓடாது, கரண்ட் ஓடாத ரெசிஸ்டர் எதையும் குறைக்காது.

வால்வு ரெக்டிபயரைத் திருப்பிப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். உறுமல் குறையட்டும் என்று யாராவது முதல் கண்டன்சரை 220 மைக்ரோபேரட் ஆக்கியிருப்பார்கள். இ.இசட்.80 போன்றவை 50க்கு மேல் தாங்காது.

எந்தக் கண்டன்சர்களை மாற்ற வேண்டும்?

எலக்ட்ரோலிடிக் எல்லாம். காகிதக் கண்டன்சர் எல்லாம். பிலிப்ஸில் அவை தார் பூசின கறுப்புக் குச்சி போலிருக்கும், மற்றவற்றில் மெழுகு. மைக்கா, செராமிக் இரண்டையும் காரணமில்லாமல் தொடாதீர்கள்.

ஒரே ஒரு கண்டன்சர் மாற்றத்தான் காசிருக்கிறது என்றால், ஆடியோ முதல் நிலையின் ஆனோடிலிருந்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் 0.01 அல்லது 0.02 மைக்ரோபேரட் கண்டன்சரை மாற்றுங்கள். அது துளி ஒழுகினாலும் கிரிட் பாசிட்டிவ் ஆகும், வால்வு தன் அளவுக்கு மேல் இழுக்கும், ஆனோடு சிவக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகும். சோதிப்பது சுலபம். இ.எல்.84 என்றால் 2ஆம் கால், 6வி6 என்றால் 5ஆம் கால். செட்டு சூடானதும் அங்கே டிசி வோல்டேஜ் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் பாசிட்டிவ் வந்தாலும் கண்டன்சர் கெட்டது. மாற்றின பிறகும் வந்தால் வால்வே கெட்டது. 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போடுங்கள்.

மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் கண்டன்சருக்கு மட்டும் சாதாரண வகை கூடாது. அதில் ஒய்2 என்று, மெயின்ஸுக்கான பாதுகாப்பு வகையின் பெயர், அச்சிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி எடுத்துவிடுங்கள், செட்டு அது இல்லாமலும் பாடும்.

எங்கேயும் கை வைப்பதற்கு முன் 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் பெரிய கண்டன்சர்களைச் சேசிஸோடு சேர்த்துச் சில நொடி பிடித்து, மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் வீரம் வேண்டாம்.

ஸ்பீக்கரை மாற்றினவர் ஏதோ ரெசிஸ்டரும் போட்டிருக்கிறார். அது எதற்கு?

போருக்கு முந்தின செட்டாக இருக்கும். அந்தக் காலத்து ஸ்பீக்கரில் நிலைக் காந்தம் கிடையாது. பெரிய கம்பிச் சுருள் ஒன்றில் செட்டின் மொத்த உயர் வோல்டேஜ் கரண்டையும் ஓடவிட்டு மின்காந்தமாக்கினார்கள். அதே சுருள் உறுமலைக் குறைக்கும் சோக்காகவும் வேலை செய்தது. அது அறுந்துபோனதும் நிலைக் காந்த ஸ்பீக்கரைப் போட்டு, சுருளுக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்திருக்கிறார். நியாயமான வேலை, வாட் சரியாக இருந்தால். 1500 ஓம் சுருளில் 60 மில்லியாம்பியர் ஓடினால் 90 வோல்ட் இறங்கும், 5.4 வாட் சூடு. நான் பார்க்கும் செட்டுகளில் அந்த இடத்தில் 2 வாட் ரெசிஸ்டர் கருகி நிற்கும். 15 வாட் போட்டு, மெழுகும் ஒயரும் இல்லாத இடத்தில் தள்ளி வையுங்கள். சின்ன சோக் ஒன்றையும் தொடராகச் சேர்த்தால் உறுமல் அடங்கும்.

ஸ்பீக்கர் கூம்பைக் கரப்பான் அரித்திருந்தால் பிண்டாயாவில் குடைக்குச் செய்யும் முசுக்கட்டைக் காகிதத்தைக் கையால் கிழித்து, தண்ணீர் கலந்த வெள்ளை மரப்பசையில் தோய்த்து ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டாதீர்கள். கிழித்த ஓரத்தின் நார்தான் பிடித்துக்கொள்ளும். இதைவிட நல்ல காகிதம் எனக்குத் தெரிந்து இல்லை.

செட்டைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது. எர்த் கொடுத்தால் சரியாகுமா?

முதலில் எந்த வகை என்று பாருங்கள். யு வரிசை வால்வுகள் உள்ள செட்டில் பவர் டிரான்ஸ்பார்மரே இல்லை. மெயின்ஸின் ஒரு கம்பி நேராகச் சேசிஸில் இருக்கும். அதற்கு எர்த் கொடுத்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் ஆள் போவார்.

இவற்றில் ஹீட்டர்கள் எல்லாம் ஒரே வரிசையில். யு.சி.எச்.42 14 வோல்ட், யு.எப்.41 12.6, யு.பி.சி.41 14, யு.எல்.41 45, யு.ஒய்.41 31. கூட்டினால் 116.6. எல்லாவற்றிலும் ஓடுவது 0.1 ஆம்பியர். நம் 230 வோல்டில் மீதி 113 வோல்டை விழுங்க சுமார் 1130 ஓம் பெரிய ரெசிஸ்டர் இருக்கும், 11 வாட் சூடு. அது அறுந்ததும் கிடைத்த ரெசிஸ்டரைப் போட்டு ஓட்டினவர்கள் உண்டு. ஹீட்டர் வரிசையின் இரு முனையிலும் வோல்டேஜை அளந்து பாருங்கள். 140 காட்டினால் வால்வுகள் சீக்கிரம் சாகும்.

இந்த வகையை வேலை மேசையில் வைக்கும்போது தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். வீட்டில் ஓட்டும்போது பின் அட்டை இல்லாமல் ஓட்டக் கூடாது. குமிழ்களின் பக்க ஓட்டைகளில் உள்ள சின்ன ஸ்க்ரூவும் சேசிஸோடு சேர்ந்ததுதான், அதனால்தான் கம்பெனியில் அந்த ஓட்டையை மெழுகால் அடைத்தார்கள். குமிழைக் கழற்றினவர்கள் யாரும் திருப்பி அடைப்பதில்லை. நீங்கள் அடையுங்கள். ஏரியல் கம்பியோடு சேர்ந்த கண்டன்சரும் ஒய் வகையாக இருக்கட்டும்.

ஏ வகை செட்டு அடித்தால், முன்னே சொன்ன மெயின்ஸ் கண்டன்சரோ டிரான்ஸ்பார்மரோ ஒழுகுகிறது.

உள்ளே புளூடூத் போர்டு வைத்துவிட்டார்கள். என்ன செய்வது?

எடுத்துவிடுங்கள். இந்த ஒன்றில் எனக்கு தாட்சண்யமில்லை. ஏனென்றால் அதை வைப்பதற்கு இடம் வேண்டும் என்று நிலையத்தைப் பிரித்தெடுக்கும் ஐ.எப். (இடைநிலை அலைவரிசை) டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள், யு.எஸ்.பி. ஓட்டைக்காகப் பேக்கலைட்டை, அதாவது அந்தக் காலப் பிளாஸ்டிக் பெட்டியை, அறுத்திருப்பார்கள். பிடுங்கின சாமானை வாங்கி வைத்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. பாட்டு போனிலிருந்து வேண்டும் என்றால், பழைய செட்டுகளின் பின்னால் கிராமபோனுக்கென்று இரண்டு துளை இருக்கும், வெளியிலிருந்து அங்கே கொடுங்கள். யு வகை செட்டில் அதையும் செய்யாதீர்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் பேட்டரி செட்டு இருந்தது. அதற்கு இப்போது பேட்டரி எங்கே?

மோல்மேன், தட்டோன் பக்கம் வயல் ஊர்களிலிருந்து வருபவை இவை. 90 வோல்ட் பேட்டரி ஒன்றும் 1.5 வோல்ட் ஒன்றும் கேட்கும். 90க்கு 9 வோல்ட் பேட்டரி பத்தைத் தொடராக அடுக்கலாம், கரண்ட் குறைவாகவே இழுக்கும் என்பதால் நாள் வரும். 1.5க்கு பெரிய டார்ச் செல் இரண்டை இணையாக, பாசிட்டிவோடு பாசிட்டிவும் நெகட்டிவோடு நெகட்டிவும், சேருங்கள். 1.5 போக வேண்டிய இடத்தில் 90ஐ மாற்றிக் கொடுத்துவிட்டால் நாலு வால்வின் இழையும் ஒரே நொடியில் போகும், ஆகவே கனெக்டரை இரண்டு வேறு வடிவத்தில் வையுங்கள். வால்வைப் பிடுங்கிவிட்டு ட்ரான்சிஸ்டர் போர்டு வைத்திருந்தால், நிலையம் தேடத் திருப்பும் கண்டன்சர் கேங்கும் காயில்களும் மிஞ்சியிருக்கின்றனவா பாருங்கள். மிஞ்சியிருந்தால் மீட்கலாம். இல்லாவிட்டால் ட்ரான்சிஸ்டராகவே பாடட்டும்.

ட்ரிம்மர், ஸ்க்ரூ எல்லாவற்றையும் யாரோ திருகிவிட்டார்கள். நிலையம் மங்கலாக வருகிறது.

ஸ்க்ரூ லூசாக இருக்கிறதே என்று இறுக்கிவிட்டேன் என்று ஒரு தம்பி பெருமையாகச் சொன்னார். ஐ.எப். டிரான்ஸ்பார்மரின் உட்கரு அது. நாலையும் கடைசிவரை இறுக்கியிருந்தார்.

கண்டன்சர்களையும் வால்வுகளையும் சரிசெய்யும் முன் இதைத் தொடாதீர்கள். பிறகு சிக்னல் ஜெனரேட்டரில் ஐ.எப். அலைவரிசையைக் கொடுத்து, கடைசி டிரான்ஸ்பார்மரிலிருந்து முன்னோக்கி வாருங்கள். 455 கிலோஹெர்ட்ஸ் பொதுவானது. பிலிப்ஸில் 452உம் 470உம் உண்டு. சர்க்யூட் படம் சொல்வதை நம்புங்கள். பிளாஸ்டிக் திருப்புளிதான் வேண்டும், இரும்பு கிட்டே போனாலே ட்யூனிங் நகரும். கரு இறுகி நின்றால் பலவந்தம் கூடாது, கரு உடைந்தால் மாற்று கிடையாது. அப்புறம் நிலையம் டயலில் எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் ஆஸிலேட்டர்: மீடியம் வேவின் 600 கிலோஹெர்ட்ஸ் பக்கம் காயிலில், 1400 பக்கம் ட்ரிம்மரில் (திருகினால் அளவு மாறும் சின்னக் கண்டன்சர்). ஒன்றைத் திருத்தினால் மற்றது கொஞ்சம் நகரும், இரண்டு மூன்று தடவை மாறி மாறிச் செய்ய வேண்டும்.

எவ்வளவு திருகினாலும் ஒரு காயில் அசையவே இல்லை என்றால், உள்ளே பச்சைக் களிம்பு ஏறிக் கம்பி அறுந்திருக்கும். மழை ஊரின் வியாதி அது. கம்பியின் முனையில்தான் பெரும்பாலும் அறுந்திருக்கும். ஒரு சுற்றை அவிழ்த்து, எனாமலைச் சுரண்டி மறுபடி பற்றவைத்தால் பிழைக்கும்.

பெட்டி கம்பெனிப் பெட்டி இல்லை. தேக்கில் யாரோ செய்தது. மதிப்புக் குறையுமா?

விற்கிறவருக்குக் குறையும். எனக்குக் குறையாது. பேக்கலைட் உடைந்ததும் தச்சரிடம் கொடுத்து, டயல் கண்ணாடிக்கு அளவெடுத்து, மூலையில் மூட்டு வைத்துச் செய்தது அது. அரக்குப் பூச்சை ஸ்பிரிட் தொட்ட துணியால் புதுப்பிக்கலாம். கறையான் அடித்தளத்தில் இருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பாருங்கள். சூடாகும் ரெசிஸ்டருக்கு மேலே சாம்பல் நிற அட்டை ஒட்டியிருந்தால் கல்நாராக இருக்கலாம், சுரண்டாதீர்கள்.

கரண்ட் போய்ப் போய் வருகிறது. இன்வர்ட்டரில் ஓட்டலாமா?

சுத்த சைன் அலை தரும் இன்வர்ட்டரில் ஓட்டலாம். மலிவானதில் டிரான்ஸ்பார்மர் உறுமும், ஸ்பீக்கரில் நிலையத்தைவிட இன்வர்ட்டர் சத்தமாகக் கேட்கும். சோலார் சார்ஜ் கன்ட்ரோலரும் மலிவு எல்.இ.டி. பல்பும் சிற்றலைக்கு அதே கதிதான். செட்டில் வோல்டேஜ் மாற்றும் தட்டு இருந்தால் 220இல் இருப்பதை 240 அல்லது 245க்கு மாற்றுங்கள். கரண்ட் போனதும் செட்டின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்பி வந்த சில நிமிடம் வோல்டேஜ் துள்ளும், அது அடங்கின பிறகு போடுங்கள்.

இவ்வளவும் செய்தால் என்ன கேட்கும்? எப்.எம். வருமா?

உங்கள் செட்டில் எப்.எம். பேண்ட் இருந்தால் வரும். 1950களின் ஐரோப்பிய செட்டுகள் சிலவற்றில் 88இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் வரை உண்டு, ரங்கூனின் சிட்டி எப்.எம். 89இல் இருப்பதால் டயலின் ஓரத்தில் அகப்படும். பேண்ட் இல்லாத செட்டுக்கு எப்.எம். போர்டு வைத்துக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். மீடியம் வேவில் பகலில் உள்ளூர் வானொலி, இரவில் கடலுக்கு அப்பாலிருந்து இந்திய நிலையங்கள் அலையலையாக ஏறி இறங்கி வரும். சிற்றலையில் 31 மீட்டரிலும் 25 மீட்டரிலும் மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஜன்னலுக்கு வெளியே பத்து மீட்டர் கம்பி கட்டிய பிறகு.

மேசையில் இருக்கும் அந்த பிலிப்ஸ் செட்டு நாளை வீடு போகிறது. சிற்றலை மட்டும்தான், கட்டின கம்பி அப்படியே இருக்கிறது. அந்தக் கம்பி எதற்கு என்று ஒரு தாளில் எழுதி, பின் அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அடுத்துத் திறக்கிறவர் வெட்டிவிடக் கூடாதே.